கக்கூஸ் என்ஜினியர்

நாம் யாரும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஞாபகம் இருக்கிறதா? திண்டிவனத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்த நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவீர்கள். இன்றைக்கு நமக்கெல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டது. டாக்டர் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறார். அன்றைக்கு நாம் அதற்கு நேர் எதிராக வளர்ந்தோம். கேப்பைக் கூழ் வேண்டாம், களியாகக் கொடு என்று அம்மாவிடம் அடம்பிடிப்போம். மோர் தொடமாட்டோம். மத்தியானம் தூக்குப் பாத்திரத்தில் கெட்டியாகப் பிசைந்த புளிச்சோறு. தொண்டை காய்ந்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு அல்ஜீப்ரா போடுவோம்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. அதுதான் காரணம். பின்பக்கச் சுவர் இடிந்திருந்த இடத்தில் ஏறிக் குதித்தால் ரயில் பாதை. அதைத் தாண்டினால் வேலிகாத்தான் புதர். அடக்கவே முடியாமல் போனால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவோம், ஒருத்தி காவல் நிற்பாள். ஜல்லிக்கல் வெயிலில் சுடும். பாவாடையில் முள் மாட்டும். சிக்னல் கிடைக்காமல் ஒரு கூட்ஸ் வண்டி அங்கேயே நின்றுவிட்டால் தீர்ந்தது. கரிப்புகை நெடியும், இன்ஜினில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறவர்களின் குரலும், புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த நாமும். இதை நாம் ஒருவருக்கொருவர்கூடப் பேசிக்கொண்டதில்லை.

என் அக்கா நம் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் முதல். ஒன்பதாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள். அத்தோடு அப்பா நிறுத்திவிட்டார். "வயசுக்கு வந்த பொண்ணு ரயில் ரோட்டாண்ட புதர் மறைவுக்குப் போய்க்கினு இருக்கணுமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அக்கா வீட்டில் உட்கார்ந்து, இன்றைக்கு வேர்க்கடலை என்கிறார்களே, அந்த மல்லாட்டையை உரித்தாள். அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்ததால் வீட்டில் அதற்கு மட்டும் குறைவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் ஏழாவது படித்த வருஷம், பொங்கல் கழிந்த கையோடு என்ஜினியர் ஐயா நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

சர்க்கார் என்ஜினியராக எங்கெங்கோ அணையும் பாலமும் கட்டிவிட்டு ரிட்டையராகி, மனைவியின் பிறந்த வீடு இருந்த எங்கள் தெருவில் குடிவந்திருந்தார். உயரமான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, வெயிலுக்குத் தலையில் ஒரு பழைய தொப்பி, பச்சை சைக்கிள். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் மடக்கு அளவுகோல், நூல்கண்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, பம்பரம் வடிவில் பளபளக்கும் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. அந்தக் குண்டைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. தெருக்குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவார். மழைத்தண்ணீர் தேங்கினால் மண்வெட்டியோடு போய் வெட்டிவிட்டு வந்துதான் காபி குடிப்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அன்றைக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டுத்தான் வந்தார், கூரை விரிசலைப் பார்க்க. தலைமையாசிரியை விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் வருகிறவர். வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, சிரிக்கவே மாட்டார். நான் சாக்பீஸ் வாங்க அவர் அறைக்குப் போயிருந்தேன்.

ஐயா அளவுகோலை மடக்கிக்கொண்டே, "ஒரு உத்திரத்தை மாத்தினா போதும்மா. பயம் இல்லை" என்றார்.

"கூரை இன்னும் பத்து வருஷம் தாங்கும்ங்க. இந்தப் பொண்ணுங்கதான் தாங்காது" என்றார் தலைமையாசிரியை.

ஐயாவுக்குப் புரியவில்லை. அப்போது மத்தியான மணி அடித்து முடிந்திருந்தது. தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். இடிந்த சுவரில் ஏறிக் குதித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள் ஐந்தாறு பெண்கள்.

"எட்டாவதுல பெஞ்சு பத்தல. பத்தாவதுல பெஞ்சு காலியாக் கிடக்குது. எதனாலன்னு நெனைக்கிறீங்க?"

ஐயா ஜன்னலருகே போய், அவர்கள் புதருக்குள் மறையும்வரை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் சர்வீஸ்ல எத்தனையோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பிளான் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இதை நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்லீங்க."

அவ்வளவு பெரிய மனிதர் ஒரு டீச்சரிடம் அப்படிச் சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. சாக்பீஸை மறந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

பள்ளிக்கூடக் கமிட்டியில் அப்பாவும் ஒருவர். அந்த வருஷம் வாசலில் பெரிய அலங்கார வளைவு கட்டி, அதில் கமிட்டிக்காரர்கள் பெயரையெல்லாம் பொறிப்பது என்று முடிவாகியிருந்தது. ஐயா கூட்டத்துக்குப் போய், வளைவு அப்புறம் இருக்கட்டும், முதலில் கக்கூஸ் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அந்த மனுஷனுக்கு இன்னா ஆச்சு? பென்ஷன் வாங்கிக்கினு ஈஸிசேர்ல சாஞ்சிக்கினு பேப்பர் படிக்கிறத வுட்டுட்டு... அணை கட்டினவரு, கடைசில கக்கூஸ் கட்ட வந்துட்டாரு!"

கமிட்டித் தலைவரான ரைஸ்மில்காரர் அங்கேயே ஒரு பெயர் வைத்துவிட்டாராம்: கக்கூஸ் என்ஜினியர். மறுநாள் கடைத்தெரு முழுக்க அதே பெயர்தான். ஐயா சைக்கிளில் போகும்போது முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். மெட்ராஸில் ஆபீசராக இருந்த அவர் மகன் வந்து, "எதுக்குப்பா இந்தப் பேஜாரு?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனது தெருவுக்கே கேட்டது. ஐயா சூளைக்காரரிடம் போய் உடைந்த செங்கல்லைக் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் இறக்கினார். தலைமையாசிரியையின் அனுமதி போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் குழி தோண்ட ஆள் வரவில்லை. கிணறு தோண்டுகிறவர்கள்கூட, "கக்கூஸ் குழியா? வேணாஞ் சாமி" என்று போய்விட்டார்கள். ஒரு காலையில் நாம் வகுப்பிலிருந்து பார்க்கிறோம், ஐயா பனியனோடு கடப்பாறை போட்டுக்கொண்டிருக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். ஒவ்வொரு போடுக்கும் அவர் விடுகிற மூச்சு வகுப்புவரை கேட்டது. சற்று நேரத்தில் அவர் மனைவி, நாம் என்ஜினியரம்மா என்று கூப்பிடுவோமே, அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கூடையில் மண்ணை அள்ளினார். டிரில் டீச்சர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். தலைமையாசிரியை முந்தானையைத் தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு மண் கூடையைத் தூக்கியபோது, நாம் ஜன்னலில் முட்டிமோதிக்கொண்டு பார்த்தோம்.

ஊரில் வசதியுள்ள வீடுகளில் அப்போது எடுப்புக் கக்கூஸ்தான். தினமும் ஒரு அம்மா கூடையும் தகரமுமாகக் கொல்லைப் பக்கம் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார். அந்த அம்மா ஒருநாள் குழியருகே வந்து நின்றார்.

"இதுல யாரு சாமி அள்றது?"

"யாரும் அள்ள வேணாம்மா. தண்ணி ஊத்தினா குழிக்குப் போயிடும். ஒரு குழி ரொம்பினா மூடிட்டு அடுத்ததுக்குத் திருப்பிடுவோம். மூடினது கொஞ்ச காலத்துல வெறும் எருவாயிடும்."

அந்த அம்மா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "ஊர் பூரா இப்டி கட்டிப்புட்டா எங்க பொழப்பு இன்னாவறது?"

ஐயா கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். "நீ கேக்கறது நியாயம்" என்று சொல்லி, அப்படியே அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்ப, வராந்தா கூட்ட, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆயா வேண்டும் என்றார். கூடை தூக்குகிற வேலை இல்லை என்றும் சொன்னார்.

அந்த அம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "எம் பொண்ணையும் இங்க சேத்துக்கினா வர்றேன்" என்றார்.

"நாளைக்கே கூட்டிக்கினு வா" என்றார் தலைமையாசிரியை. மறுநாள் அந்தப் பெண் நம் பெஞ்சில், ஜன்னல் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். சில வீடுகளில் முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியை காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

பங்குனியில் வேலை முடிந்தது. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், சுண்ணாம்பு வாசனை மாறாத சுவர், உள்ளே தாழ்ப்பாள். ஆமாம், உள்பக்கத் தாழ்ப்பாள். அதை நாம் போட்டுப் போட்டு எடுத்து விளையாடியது உங்களுக்கு நினைவிருக்கும். திறப்பு விழா, மாலை எதுவும் இல்லை. கல்வெட்டு வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "கக்கூஸ்ல எவனாவது பேரு போடுவானா?" என்று ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

சித்திரை பிறந்த உடனே எனக்கு மஞ்சள் காமாலை வந்தது.

கண் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டல். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அம்மா ஊற்றுவாள். அப்பா கட்டிலருகே வந்து என் கண்ணைப் பிரித்துப் பார்ப்பார், பிறகு கொல்லைக்குப் போய்த் தனியாக நிற்பார். அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பயம் அவரிடம் கோபமாக வெளியே வந்தது.

"எல்லாம் அந்தக் குழிங்களாலதான். பள்ளிக்கூடத்துக் கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. இவரு புண்ணியம் கட்டிக்கிறதுக்கு எம் பொண்ணுதான் கெடைச்சாளா?"

கமிட்டித் தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரெல்லாம் பேச்சாகி, கக்கூஸ் அறைகளுக்குப் போகும் வழியில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பூட்டியது என் அப்பாதான்.

அன்று சாயங்காலமே ஐயாவும் என்ஜினியரம்மாவும் இளநீர் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா "வாங்க" என்று வாயால் சொன்னார், எழுந்திருக்கவில்லை. ஐயா என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கெணத்துக்கும் குழிக்கும் நான் தூரம் விட்டுத்தாங்க கட்டியிருக்கேன். கெணறு மேட்டுல இருக்கு, குழி பள்ளத்துல இருக்கு. இருந்தாலும் மனுஷன் தப்புப் பண்ணலாம். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பள்ளிக்கூடத்துக் கெணத்துத் தண்ணி தினம் எவ்வளவு குடிப்பே?"

"குடிக்க மாட்டேங்க."

"கொஞ்சங்கூடவா?"

"ஒரு வாய்கூட இல்லீங்க. நாங்க யாருமே குடிக்க மாட்டோம்."

அப்பா நிமிர்ந்தார். "அதான் இப்ப கக்கூஸ் வந்துடுச்சே. அப்பறமும் இன்னாத்துக்குக் குடிக்கல?"

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"பழகிப் போச்சுப்பா. நான் படிச்சப்பவும் அப்டித்தான். மத்தியானத்துக்கு மேல தலை சுத்தும். போர்டுல எழுதறது ரெண்டு ரெண்டாத் தெரியும். நீர்க்கடுப்பு வந்து ராவெல்லாம் அழுதிருக்கேன்."

"எங்கிட்ட சொல்றதுதானே?"

"உங்ககிட்ட எப்டிப்பா சொல்றது?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயாவுக்கு அவர் வழக்கு ஜெயித்துவிட்டது. ஆனால் ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது. மடியில் இருந்த தொப்பியை விரலால் சுற்றிக்கொண்டே, "நாள் பூரா... இந்த வெயில்ல..." என்றார். என்ஜினியரம்மா அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் போனார்கள்.

மறுநாள் காலையில் அப்பா யாரையும் கேட்காமல் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்தார். கமிட்டித் தலைவர் கேட்டதற்கு, "நான்தானே போட்டேன், நானே எடுத்துட்டேன்" என்றாராம். பின்னால் விழுப்புரத்திலிருந்து சித்தி சொல்லியனுப்பினாள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துப் பந்தியில் சாப்பிட்ட பலருக்கும் மஞ்சள் காமாலையாம். நானும் அங்கே சொம்பு சொம்பாகப் பானகம் குடித்திருந்தேன்.

கோடை விடுமுறை முடியும் சமயம், மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் அப்பா போகிற போக்கில் கேட்பது மாதிரி, "புஸ்தகம்லாம் வச்சிக்கினு கீறியா, தூக்கிப் போட்டுட்டியா?" என்றார். அக்கா எழுந்து ஓடினாள். அரிசிப் பெட்டிக்கு அடியில், பழைய பாவாடையில் சுற்றி வைத்திருந்தாள். ஜூன் மாதம் அவளும் நானும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். தன்னைவிடச் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார அவள் கூச்சப்படவே இல்லை. பிற்பாடு ஒலக்கூரில் கணக்கு டீச்சராகி, பல வருஷம் வேலை பார்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வராந்தாவில் பரப்பிய மணலின் மேல் ஒரு பெரிய மண்பானை உட்கார்ந்திருந்தது. வெட்டிவேர் மணக்கும் தண்ணீர். ஐயா கொண்டுவந்து வைத்தது. மத்தியானத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் அப்படியே இருந்தால் முகம் வாடிப்போகும். "குடிங்கம்மா, குடிங்கம்மா" என்று போகிற வருகிற பெண்களிடமெல்லாம் கெஞ்சுவார். தலைமையாசிரியை கடைசியில் ஒவ்வொரு வகுப்பையும் வரிசையாக நிறுத்தித் தன் முன்னால் குடிக்க வைத்தார். பழக்கம் மெதுவாகத்தான் மாறியது. ஆடி மாதத்தில் ஒருநாள் ஐயா வந்து எட்டிப் பார்த்தபோது பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயா இறைத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு! பல்லெல்லாம் தெரிய, வெறும் பானையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மறுநாள் பக்கத்தில் இன்னொரு பானை.

ஐப்பசி அடைமழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மார்ச்சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலையில் தெருவில் சைக்கிள் மணி கேட்காமல், அழுகுரல் கேட்டது.

மழை விட்டிருந்தது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த பெரிய பெரிய அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கமிட்டித் தலைவர் மாலையோடு வந்தார். மகன் ஒரு காகிதத்தில் பேப்பருக்குக் கொடுக்க எழுதிக்கொண்டிருந்தார். இந்த அணை, அந்தப் பாலம் என்று ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினார்.

அப்போதுதான் நாம் வந்தோம். தலைமையாசிரியை முன்னால், ஆயா பக்கத்தில், பின்னால் பள்ளிக்கூடம் முழுவதும் சீருடையில், சேற்றில் கால் புதைய. சாவு வீட்டுக்கு இத்தனை பள்ளிக்கூடப் பெண்கள் தெருவில் வரிசையாக வந்ததை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மகன் எழுந்து வந்தார். "நீங்கள்லாம் யாரும்மா? அப்பா உங்களுக்கு டியூஷன் எடுத்தாரா?"

நாம் எல்லோரும் கால் கட்டை விரலைப் பார்த்தோம். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. சாவு வீட்டில், அத்தனை ஆண்கள் முன்னால், அதை எப்படிச் சொல்வது? வரிசையிலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"இல்லீங்க. எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்தாருங்க. அதனாலதான் நான் திரும்பவும் படிக்கிறேன்."

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. கமிட்டித் தலைவர் கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்திலிருந்து அப்பா முன்னால் வந்து, "எம் பொண்ணுங்க. மூத்தவ" என்றார், யாரும் கேட்காமலேயே.

உள்ளே, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்ஜினியரம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பருக்கு எழுதறியேடா, இதை எழுதினியா?"

"இல்லம்மா..."

"முதல்ல இதை எழுது. மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்."

பேப்பரில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கருமாதிப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடாமல் அக்காவிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஐயாவின் பெயருக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில், திண்டிவனத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தந்தவர் என்று அச்சடித்திருந்தது. அணைகளும் பாலங்களும் அதற்கு அடுத்த வரியில்தான் தொடங்கின.